சொந்த ஊருக்குச் சுற்றுலா போனவள்

மரப்பலகையும் ஆணியும் சேர்த்துச் செய்த ஒரு படகுக்கு, பெண்ணைக் கண்டால் பொறாமை வருமா? யோசித்துச் சொல்லுங்கள். வராது என்றால் அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும். வரும் என்றால் நகிசாகி என்ற மீன்பிடி ஊரில் உங்களுக்கு நல்ல மரியாதை கிடைக்கும். அந்த ஊரில் வெகுகாலமாக எல்லோரும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். அந்தச் சொல்லின் கீழே ஒரு பெண் தன் பாதி ஆயுளைக் கழித்தாள். அவள் பெயர் சிஸே.

சிஸே மலைப்பக்கத்து ஊரிலிருந்து மருமகளாக வந்தவள். வந்தபோது அவளுக்கு நீச்சல் தெரியாது, மீன் செதில் எடுக்கத் தெரியாது. வாய் பேச மட்டும் நன்றாகத் தெரியும். அவள் கணவன் கின்ஜி அதற்கு நேர்மாறு. காலையில் ஒரு வார்த்தை பேசினால் சாயங்காலம் வரைக்கும் அதுவே போதும் என்று இருப்பவன். கல்யாணமாகி மூன்றாம் வருடம் அவன் சொந்தமாக ஒரு படகு கட்டினான். படகு முடியும் தறுவாயில் தச்சர் கத்தரிக்கோலோடு வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒரு பிடி முடி வேணும்."

"எதுக்கு?"

"படகுத் தெய்வத்துக்கு. பாய்மரத்து அடியில ஒரு குழி வெட்டி, ரெண்டு பகடை, காசு, அஞ்சு தானியம், பொம்மை ஜோடி, கூடவே வீட்டுக்காரியோட முடி. உள்ள வெச்சு மூடிட்டா தெய்வம் குடியேறிடும்."

"அப்ப நானும் படகுல போவேனா?"

"முடி போகும். நீ கரையில இருப்ப. பொம்பளை ஏறினா தெய்வத்துக்குப் பொறாமை. அதுவும் பொம்பளையாச்சே."

"என் முடி மட்டும் பொம்பளை இல்லையா, பெரியவரே?"

தச்சர் கின்ஜியைப் பார்த்தார். கின்ஜி அன்றைக்கான தன் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: "இவ வாயையும் சேர்த்து உள்ள வெச்சு மூடிடுங்க. படகு வேகமா போகும்."

மூவரும் சிரித்தார்கள். சிஸே காதுக்குப் பின்னாலிருந்து முடியை வெட்டிக் கொடுத்தாள். வெட்டிய இடம் வளர்வதற்கு முன்பே படகு கடலில் இறங்கிவிட்டது.

நகிசாகிக் கடலில் பனிக்காலத் தொடக்கத்தில் ஹதாஹதா என்றொரு மீன் முட்டையிடக் கரையோரம் வரும். சில நாள்தான். அந்த நாட்களை விட்டால் அந்த வருடமே போயிற்று. ஒரு வருடம் சரியாக அந்த நாட்களில் கின்ஜியின் கூட்டாள் மாட்சுசோ காய்ச்சலில் படுத்துவிட்டான். ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை, எல்லோருடைய படகுக்கும் ஆள் வேண்டியிருந்தது. தனியாக வலை இழுக்க முடியாது. கின்ஜி துறையிலிருந்து திரும்பி வந்து அடுப்படியில் நின்றான்.

"என்ன?" என்றாள் சிஸே.

"மாட்சுசோவோட மழைக்கோட்டு உனக்குப் பெருசா இருக்கும். கையை மடிச்சுவிட்டுக்க."

அவள் ஏறினாள். விடியும் முன் ஏறி, வெயில் வந்ததும் இறங்கினாள். மாட்சுசோ எழுந்து உட்காரும் வரை அப்படியே நடந்தது. தொப்பியைக் கண்வரை இழுத்து விட்டுக்கொண்டாலும் ஊருக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. ஆனால் அந்த நாட்களில் வலை கிழிகிற அளவுக்கு மீன் விழுந்தது, அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. தெய்வம் அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்ததா என்று எவனும் கேட்கவில்லை. மீன் நிறைய வந்தால் அது ஆண்களின் திறமை.

மாட்சுசோவுக்குக் காய்ச்சல் விட்டது. மறுவாரம் அவனும் கின்ஜியும் மதியத்துக்கு மேல் கிளம்பிப் போனார்கள். சாயங்காலம் பனி கொட்ட ஆரம்பித்தது. குளிர்காலத்தில் அங்கே சீக்கிரம் இருட்டிவிடும். துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரின் முனையில் ஒரு விளக்கு உண்டு. அதைக் குறிவைத்துத்தான் படகுகள் உள்ளே திரும்ப வேண்டும். விளக்குக்கு அப்பால், தண்ணீருக்கு மேலே முதுகை மட்டும் காட்டிக்கொண்டு ஆமைப்பாறை படுத்திருக்கும். அன்று அந்த விளக்கு எரியவில்லை. அன்று மட்டுமல்ல, இலையுதிர் காலம் முடிந்ததிலிருந்தே எரியவில்லை. விளக்கைப் பார்த்துக்கொள்வது மீனவர் சங்கத்தின் பொறுப்பு. மின்கலம் செத்துப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று கூட்டத்தில் மூன்று பேர் சொன்னார்கள். கோயில் விழா முடியட்டும் என்றார் சங்கத் தலைவர். அந்தப் பருவத்தில் கடல் கோயிலின் வாசலுக்குப் தோரணம்போல் கட்டப் புதுசாக வைக்கோல் வடம் வந்தது, தெய்வத்துக்குப் புதுத்திரை வந்தது. விளக்குக்கு மின்கலம் வரவில்லை.

படகு ஆமைப்பாறையில் மோதிப் பிளந்தது. மாட்சுசோவின் உடல் மறுநாள் கரைக்கு வந்தது. கின்ஜி வரவேயில்லை.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்குள் விளக்கில் புது மின்கலம் ஏறியிருந்தது. அதிகாரி பார்த்தார், விளக்கு பளிச்சென்று எரிந்தது. எழுதிக்கொண்டு போனார். அப்படியானால் படகு ஏன் மோதியது? ஊருக்கு ஒரு காரணம் வேண்டுமே. சங்கத் தலைவர் கோயில் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா போன வாரம் அந்தப் படகுல யார் ஏறினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

ஒரு விளக்கை மாற்றாமல் விட்ட ஊருக்கு, ஒரு பெண்மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது பாருங்கள். அதற்கு மின்கலமும் வேண்டாம், ஏணியும் வேண்டாம்.

மாட்சுசோவின் சாவு வீட்டுக்குச் சிஸே போனாள். ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டாள். மாட்சுசோவின் மனைவி மசுயோ, அவளைவிடச் சின்னவள், வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிஸே வாசல் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தீட்டுக் கழிக்க உப்பை அள்ளி அவள் நடந்த வழியில் தூவினார்கள். பனியின்மேல் உப்பு விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறந்த ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். அண்ணன் வந்து கூப்பிட்டான். "இங்க உனக்கு யார் இருக்கா?" என்றான்.

"அவர் இருக்கார். அந்தா," என்று அடுப்படி ஜன்னலைக் காட்டினாள்.

ஜன்னலுக்கு நேரே ஆமைப்பாறை தெரிந்தது. அவ்வளவு பக்கம். ஆனால் நடுவில் இருந்தது கடல், அதைத் தாண்டப் படகு வேண்டும்.

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியிருந்தது இரண்டே காரியம். ஒரு தரம் ஒரு படகில் போய் அந்தப் பாறையடியில் அவனுக்குப் பூப் போட வேண்டும். அன்று விளக்கு எரியவில்லை என்று ஊரில் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டும் நியாயமான ஆசைதான். இரண்டுக்கும் நகிசாகியில் ஆள் கிடைக்கவில்லை.

வீட்டின் மாடியை விடுதியாக்கினாள். மீன் வாங்க வருகிற வியாபாரிகளும், எப்போதாவது வழிதவறினாற்போல வருகிற பயணிகளும் தங்குவார்கள். ஒவ்வொரு வருடமும் கின்ஜி போன நாளில் அவனுடைய தம்பி ரியோகிச்சியின் வாசலில் போய் நிற்பாள். அவனிடம் ஒரு படகு இருந்தது.

"ரியோகிச்சி, ஒரு நடை கூட்டிட்டுப் போ. ஏறி இறங்கறதுதான். பேசக்கூட மாட்டேன்."

"நீங்களா, பேசாமலா?" என்று அவன் சிரிக்கப் பார்ப்பான். பிறகு குனிந்து வலையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்குவான். "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, அண்ணி. ஆனா என் படகுல ரெண்டு பேர் வேலை செய்யறாங்க. அவங்க வீட்டுல பயப்படறாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"உனக்கு நம்பிக்கை இல்ல. அவங்களுக்குப் பயம். ஆக மொத்தம் யாருக்குமே நம்பிக்கை இல்ல, பயம் மட்டும்தான் இருக்கு. அதுக்கா நான் இத்தனை வருஷம் கரையில நிக்கணும்?"

அவன் அடுத்த முடிச்சைத் தேடுவான். பக்கத்துத் துறைமுகத்திலும் கேட்டுப் பார்த்தாள். அவர்களும் மீனவர்கள்தானே, அங்கேயும் அவள் கதை முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் அலைத்தடுப்புச் சுவரின் முனைவரை நடந்துபோய், விளக்கின் அடியில் நின்று, காட்டுச் சாமந்தியைக் கடலில் வீசுவாள். நீரோட்டம் அதைப் பாறைப்பக்கம் கொண்டுபோகாது. மறுநாள் காலையில் அந்தப் பூக்கள் துறைக்குள்ளேயே, கட்டிப்போட்ட படகுகளின் நடுவே, டீசல் படலத்தில் மிதந்துகொண்டிருக்கும்.

வருடங்கள் போயின. மீன் குறைந்தது. இளைஞர்கள் பட்டணம் போனார்கள். சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார், பழைய தலைவரின் மகன். அவர் ஊருக்கு ஒரு புது வருமானம் கண்டுபிடித்தார். "அமைதியான கடலோர ஊர்" என்று வண்ணத்தாளில் அச்சடித்து ரயில் நிலையங்களில் வைத்தார். பயணிகள் வந்தார்கள். மீன்பிடி படகுகளுக்கு வெள்ளை வண்ணம் அடித்து, பெஞ்சு போட்டு, ஒலிபெருக்கி மாட்டி, பக்கத்திலிருந்த ஒரு தீவைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார்கள்.

ஒருநாள் சிஸே முள்ளங்கி நறுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ரியோகிச்சியின் படகு போனது. அதில் பெண்கள். பூப்போட்ட தொப்பி போட்ட பெண்கள், குழந்தையை மடியில் வைத்த பெண்கள், படகின் முன்முனையில் நின்று கையை விரித்துப் படம் எடுத்துக்கொள்ளும் பெண்கள். கத்தியை அப்படியே வைத்துவிட்டுத் துறைக்குப் போனாள். படகு திரும்பி வரும்வரை அங்கேயே நின்றாள்.

"உன் படகுல இன்னைக்கு எத்தனை பொம்பளைங்க?"

ரியோகிச்சி முகத்தைத் துடைத்தான். "அவங்க பயணிங்க, அண்ணி."

"பயணிங்கன்னா பொம்பளைங்க இல்லையா?"

"வெளியூர்க்காரங்களைத் தெய்வம் கணக்குல எடுத்துக்காதாம். சங்கத்துல கோயில் பூசாரியைக் கேட்டுத்தான் ஆரம்பிச்சாங்க."

"பூசாரி தெய்வத்தைக் கேட்டாரா, உங்க தலைவரைக் கேட்டாரா?"

"மெதுவா பேசுங்க."

"நானும் வெளியூர்க்காரிதான் ரியோகிச்சி. இந்த ஊர்ல கட்டிக்கிட்டு வந்தேனே, அது ஒண்ணுதான் நான் பண்ண தப்பா?"

அவன் வடத்தைச் சுருட்டத் தொடங்கினான். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியாதபோதெல்லாம் கையில் ஒரு கயிறு இருக்கும்.

அடுத்த இலையுதிர் காலத்தில் மிசாவோ வந்தாள். நகோயாவில் மருத்துவமனைத் தாதி, நாற்பதைத் தொட்ட வயது, தனியாகப் பயணம் செய்கிறவள். ஆரவாரமில்லாத ஊராகத் தேடி வந்ததாகச் சொன்னாள். முதல்நாளே படகுச் சுற்றுலா போய்விட்டு, கன்னம் காற்றில் சிவக்கத் திரும்பினாள். இரவு உணவுக்குச் சிஸே பொரித்த கணவாயும் மிசோ சூப்பும் வைத்தாள்.

"அம்மா, உங்க ஊர்ல இவ்வளவு சோகமான கதை இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"என்ன கதை?"

"அந்த ஆமைப்பாறை. படகுக்காரர் மைக்ல சொன்னார். முன்னால ஒரு மீனவனோட பெண்டாட்டி ஆசைப்பட்டு அவன் படகுல ஏறிட்டாளாம். தெய்வத்துக்குப் பொறாமை வந்து, திரும்பி வர்றப்ப அந்தப் பாறை மேலேயே மோதி எல்லாரும் போயிட்டாங்களாம். கேக்கறப்பவே உடம்பு சிலிர்த்துப்போச்சு."

சிஸேயின் கையிலிருந்த அகப்பை கிண்ணத்தின் விளிம்பில் இடித்து நின்றது.

"எல்லாரும் சிலிர்த்தாங்களா?"

"ஆமாம். கைகூடத் தட்டினாங்க. ஏன் அம்மா?"

"இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கங்க. அப்புறம் சொல்றேன்."

அப்புறம் சொன்னாள். மிசாவோவின் சூப் ஆறிப்போயிற்று. அவள் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "நான் ஒரு கதைன்னு நெனச்சுக் கேட்டுட்டேன்," என்றாள்.

"உங்க மேல தப்பில்ல. கதை மாதிரித்தான் சொல்லியிருக்கான்."

"நாளைக்கு நீங்க என்கூட வாங்க."

"ஏத்தமாட்டாங்க."

"சிஸே அம்மாவை ஏத்தமாட்டாங்க. நகோயாவிலிருந்து வந்த என் பெரியம்மாவை?"

சிஸே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நகோயாப் பெரியம்மா இவ்வளவு வாய் பேசுவாங்களா?"

"ஏறினப்புறம் பேசிக்கலாம்."

காலையில் அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை முகமூடி. மிசாவோவின் ஊதா மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு சிஸே கண்ணாடி முன் நின்றாள். "பேங்க் கொள்ளைக்குப் போற மாதிரி இருக்கு," என்றாள். பயணி எப்படி நடப்பாள் என்று மிசாவோ சொல்லிக்கொடுத்தாள்: நேராகப் போகக் கூடாது, எதைக் கண்டாலும் நிற்க வேண்டும், காய்கிற மீனைக்கூடப் படம் எடுக்க வேண்டும். சிஸே தன் பக்கத்து வீட்டு வாசலில் நின்று அந்த வீட்டுப் பூனையைப் படம் எடுப்பதுபோல் நடித்தாள். பூனைக்கு அவளைத் தெரியும், காலைச் சுற்றிக்கொண்டே கூட வந்தது. "இது ஒண்ணு போதும் காட்டிக்கொடுக்க," என்று முகமூடிக்குள் முணுமுணுத்தாள். பல வருடங்களாக அவள் நடந்து தேய்த்த தெரு அது. அதில் அந்நியளாக நடந்தபோதுதான் முதல்முறையாக எல்லோரும் அவளைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினார்கள். "நகிசாகிக்கு வாங்க, வாங்க," என்றார்கள்.

சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள் மசுயோ. சங்கம் அவளுக்குக் கொடுத்த வேலை. மிசாவோ இரண்டு சீட்டுக் கேட்டாள். மசுயோ மிசாவோவைப் பார்த்தாள், பின்னால் நின்ற தொப்பியைப் பார்த்தாள், காகிதத்தில் சுற்றிய சாமந்தியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். இரண்டு சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே தள்ளினாள்.

சிஸே படகில் ஏறும் பலகையில் கால் வைத்தாள். உள்ளே வந்தாள். கரையிலிருந்து வடத்தை அவிழ்த்து மேல்தட்டில் எறிந்தார்கள். பயணிகள் அதைத் தாண்டித் தாண்டிப் போய் இடம் பிடித்தார்கள். சிஸே குனிந்தாள். வடத்தின் நுனியை எடுத்து, வலப்பக்கமாகச் சுற்றி, முனையை நடுவில் செருகி, பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். கரையில் நின்று படகை வழியனுப்பி வரவேற்ற எந்த மனைவியின் கையும் தானாகச் செய்கிற வேலை. நகோயாவிலிருந்து வந்த எவளும் செய்யமாட்டாள். நிமிர்ந்தபோது ரியோகிச்சி சுக்கானருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் இறக்கிவிட்டிருக்கலாம், விடவில்லை. இன்ஜினை முடுக்கினான்.

தீவைச் சுற்றினார்கள். கடற்பறவைகளைக் காட்டினான், குகையைக் காட்டினான். திரும்பும் வழியில் ஆமைப்பாறை வந்தது. படகின் வேகத்தைக் குறைத்தான். மைக் அவன் கையில் இருந்தது, ஆனால் பேசவில்லை. அலை பாறையின் முதுகில் ஏறி வழிந்தது. சிஸே தொப்பிக்குள்ளிருந்து அந்தக் கல்லைப் பார்த்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தபோது அது கறுப்பாக இருந்தது. பக்கத்தில் பச்சையாக, பாசியும் சிப்பியுமாக இருந்தது. இவ்வளவு சின்னதா என்று நினைத்தாள்.

"இதுதானே அந்தப் பொறாமைத் தெய்வத்துப் பாறை?" என்று வண்ணத்தாளைக் கையில் வைத்திருந்த ஒரு பயணி கேட்டார். "கதை சொல்லுங்க கேப்டன். அதுக்காகத்தானே வந்தோம்."

ரியோகிச்சி ஒருமுறை சிஸேயைப் பார்த்தான். பிறகு பாறையைப் பார்த்தான். பிறகு சொன்னான். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், மனப்பாடமான அதே ஏற்ற இறக்கத்தோடு, ஆசைப்பட்டு ஏறியவளையும் கோபித்த தெய்வத்தையும் சொல்லி முடித்தான்.

சிஸே எழுந்தாள். தொப்பியைக் கழற்றினாள், கண்ணாடியைக் கழற்றினாள், முகமூடியை இறக்கினாள்.

"அந்தப் பொம்பளை நான்தான்," என்றாள். "ஆசைப்பட்டு ஏறல. ஆள் இல்லாம ஏறினேன். படகு மோதின அன்னைக்கு நான் அதுல இல்லவே இல்ல, அடுப்படியில இருந்தேன். அந்தப் படகுக்கு உள்ள தெய்வம்னு வெச்சு மூடினது என் முடியை. என் மேல எனக்கே பொறாமை வந்து என் புருஷனைக் கொன்னேனா?"

அவள் கையை நீட்டி அலைத்தடுப்புச் சுவரின் முனையைக் காட்டினாள்.

"அந்த விளக்கு அன்னைக்கு எரியல. அதுக்கு முன்னாடியும் எரியல. ஊருக்கே தெரியும். ரியோகிச்சி, உன் அண்ணன் இங்கதான் கிடக்கார். ஒரே ஒரு தரம் சொல்லு. விளக்கு எரிஞ்சுதா?"

மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அவன் மூச்சு ஒலிபெருக்கியில் கேட்டது. கடைசியில் சொன்னான்:

"உக்காருங்க அண்ணி. படகு ஆடுது."

பின் பெஞ்சில் ஒருவர் கைதட்டினார். சுற்றுலாவில் இதுவும் ஒரு நாடகக் காட்சி என்று நினைத்துவிட்டார் பாவம். அவரைப் பார்த்து வேறு சிலரும் தட்டினார்கள். மிசாவோ திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சத்தம் பாதியில் செத்தது.

சிஸே பூவைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகப் பாறையடியில் விட்டாள். இந்த முறை அவை துறைக்குத் திரும்பவில்லை, பாறையைச் சுற்றிச் சுழன்று கீழே இழுபட்டுப் போயின. கேட்ட இரண்டில் ஒன்று கிடைத்தது. உட்கார்ந்தாள். கரை சேரும்வரை படகில் இன்ஜின் சத்தம் மட்டும்தான்.

அன்று சாயங்காலம் பின்வாசலில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. மசுயோ. கையில் இலைகூடக் கிள்ளாத இரண்டு முள்ளங்கி.

"டிக்கெட் குடுத்தது நான்தான் அக்கா. உன் கை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் குடுத்தியா?"

"ம்." உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள். "விளக்கு எரியல. எனக்கும் தெரியும். அன்னைக்கே தெரியும். அவர் காய்ச்சல்ல படுத்திருந்தப்பகூட அதையே சொல்லிப் புலம்புவார். ஆனா வயித்துல புள்ளை. சங்கத்துல வேலை தர்றோம், நீ ஒண்ணும் பேசாதன்னாங்க. வேற போக்கிடம் ஏது எனக்கு?"

சிஸே கோபப்பட்டாளா? தெரியவில்லை. முள்ளங்கியை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் வைத்தாள். மண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "என்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற, மசுயோ? எனக்குத்தான் தெரியுமே. அந்த ஜன்னல்ல உக்காந்துக்கிட்டுச் சொல்லு. டிக்கெட் வாங்கறவங்ககிட்டச் சொல்லு."

"சொன்னா நாளைக்கு அந்த ஜன்னல்ல வேற ஆள் உக்காந்திருக்கும்."

"ஆமாம்," என்றாள் சிஸே. "அதுவும் உண்மைதான். உள்ள வா. குளுருது."

மசுயோ உள்ளே வந்தாள். இரண்டு விதவைகளும் ஒரே மரணத்தின் இரண்டு பக்கம் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். ஒருத்தியைப் பழியால் கட்டிப்போட்டது ஊர். மற்றவளைச் சோற்றால் கட்டிப்போட்டது. எந்தக் கயிறு கொடுமையானது என்று சொல்வது கஷ்டம். இரண்டையும் முறுக்கிய கை ஒன்றுதான்.

அதன் பிறகு சங்கத்தின் சுற்றுலா அலுவலகம் சிஸேயின் விடுதிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. வண்ணத்தாளின் அடுத்த பதிப்பில் விடுதியின் பெயர் இல்லை. ரியோகிச்சி மைக்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நல்லது என்று நினைக்காதீர்கள். தலைவர் பட்டணத்திலிருந்து இனிய குரலுள்ள ஒரு பெண்ணை வரவழைத்து, அதே கதையைப் பதிவுசெய்து படகில் பொருத்தினார். இப்போது அது தானாகவே ஓடுகிறது. பாறை வரும்போது ரியோகிச்சி வேறு பக்கம் பார்ப்பான் என்று சொல்கிறார்கள்.

மிசாவோ ஒவ்வொரு இலையுதிர் காலமும் வந்தாள். மாடியில் அவளொருத்திதான் விருந்தாளி. இரண்டு பேரும் மீண்டும் சீட்டு வாங்கப் போனபோது, படகு நிறைந்துவிட்டது என்ற பதிலை மசுயோ தரையைப் பார்த்தபடி சொன்னாள். பெஞ்சுகள் காலியாக இருந்தது மூவருக்கும் தெரிந்தது.

சிஸே ஒரு பனிக்காலத்தில், ஹதாஹதா மீன் வரவேண்டிய, ஆனால் வராத ஒரு வருடத்தில் இறந்தாள். நுரையீரலில் நீர். அடுப்படி ஜன்னலை மூட விடவில்லை, குளிர் உள்ளே வந்தாலும் வரட்டும் என்றாள். மிசாவோ வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சவப்பெட்டியை மூடும் முன் மசுயோ கத்தரிக்கோலோடு வந்து, சிஸேயின் காதுக்குப் பின்னாலிருந்து நரைத்த முடி ஒரு பிடி வெட்டி எடுத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதை ரியோகிச்சியின் கையில் கொடுத்து, "அவளால போக முடியாத இடத்துக்கு இதையாவது கொண்டுபோ," என்றாள். அவன் தனியாகப் போனான். பாறையடியில் படகை நிறுத்தி, முடியைக் கடலில் விட்டுவிட்டு, வெகுநேரம் திரும்பாமல் நின்றிருந்தான். அப்போதும் அவன் வாய் திறந்து எதையும் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த ஊரில் பெண்ணின் முடிக்கு என்றைக்குமே படகில் இடம் உண்டு.

விடுதி பூட்டிக் கிடக்கிறது. விளக்கு இப்போது ஒழுங்காக எரிகிறது, ஒருநாள்கூடத் தவறுவதில்லை. படகில் ஓடும் கதையில் இப்போது ஒரு புது வரி சேர்ந்திருக்கிறது: அந்தப் பெண்ணின் ஆவி பாறையைச் சுற்றி அழுகிறதாம். வண்ணத்தாளில் போட்டிருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். என்றாவது நகிசாகிக்குப் போனால், அந்த வெள்ளைப் படகில் ஏறுங்கள். கடற்பறவைகளைப் பாருங்கள், குகையைப் பாருங்கள். பாறை வந்ததும் இனிய குரலில் அந்தக் கதை வரும். கைதட்டாதீர்கள். பத்திரமாக வைத்திருக்கும் அந்தப் பதிலை நினைத்துக்கொண்டு, உங்கள் இடத்திலிருந்து எழுந்து, சுக்கானருகே நிற்கிற ஆளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்றே ஒன்று கேளுங்கள்: அன்று அந்த விளக்கு எரிந்ததா? படகு ஆடுகிறது, உட்காருங்கள் என்பார்கள். உட்காராதீர்கள்.